கை மாறி வந்த மருந்து

சரித்திரக் கதை என்றால் உங்களுக்கு உயிர்தானே? நள்ளிரவு, புழுதி பறக்கும் சாலை, பாய்ந்து செல்லும் வெண்புரவி, அதன்மேல் ஓர் இளைஞன். வழக்கமாக அவன் இடுப்பில் வாளோ ஓலையோ இருக்கும். இம்முறை ஒரு மருந்துக் குப்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு 1803. செஞ்சிச் சீமையைச் சேர்ந்த அவலூர்பேட்டையில் பெரியம்மை கண்டிருக்கிறது. சந்தை கூடும் ஊர் அது. நாற்புறமிருந்தும் மக்கள் வந்து போவார்கள். நோய் வேகமாகப் பரவுகிறது. நம் வீரன் சென்னைப் பட்டணத்தில் அம்மைப்பால் குப்பியை வாங்கிக்கொண்டு இரவு பகலாகக் குதிரையை விரட்டுகிறான். செஞ்சிக் கோட்டையருகே கொள்ளையர் மறிக்கிறார்கள். அவர்களை வென்று விடியும் வேளையில் ஊருக்குள் நுழைகிறான். ஊர் பிழைக்கிறது!

படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி நடந்திருக்க முடியுமா? வெண்புரவியையும் கொள்ளையரையும் கதாசிரியரின் கற்பனைக்கு விட்டுவிடுவோம். மருந்தை மட்டும் விஞ்ஞானத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

நோயும் தடுப்பும்

வைசூரி என்றும் அழைக்கப்பட்ட பெரியம்மை மிகக் கொடியது. அது தாக்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் இறந்தனர். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு; சிலருக்குப் பார்வையும் போயிற்று. ஆனால் ஒருமுறை வந்து பிழைத்தவரை அது பெரும்பாலும் மறுமுறை தீண்டாது. இதை நம் நாட்டிலும் சீனாவிலும் துருக்கியிலும் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து, நலமாயிருப்பவரின் உடலில் செலுத்துவார்கள். நோய் இலேசாக வந்து போகும். வங்காளத்தில் இதையே தொழிலாகச் செய்தவர்களைப் பற்றி ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் 1767-இல் விரிவாக எழுதியிருக்கிறார். இம்முறையிலும் நூற்றுக்கு ஓரிருவர் இறந்தனர். குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்கு உண்மையான பெரியம்மையே தொற்றவும் கூடும்.

இந்த ஆபத்தை நீக்கியவர் இங்கிலாந்தின் எட்வர்டு ஜென்னர். பசுவின் மடியில் வரும் மாட்டம்மை பால் கறப்பவர் கையில் தொற்றினால், அவருக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது கிராமத்து நம்பிக்கை. ஜென்னர் அதைச் சோதித்தார். 1796 மே 14-ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். பின்னர் பெரியம்மைப் பொருளையே அவனுக்குக் குத்திப் பார்த்தும் நோய் வரவில்லை. 1798-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1803-இல் நடக்கும் கதையில் வைத்தியர், "இந்நோய்க்கு ஒரு கிருமியே காரணம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பது நிலைநாட்டப்பட்டதே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வைரஸ் என்ற ஒன்று உண்டு என்பது அந்நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. ஜென்னருக்கு விளைவு தெரியும், காரணம் தெரியாது.

குப்பியில் அடங்காத மருந்து

இப்போது குப்பிக்கு வருவோம். அம்மைப்பாலில் இருக்கும் வைரஸ் வீரியத்தோடு இருக்கும்வரைதான் அது மருந்து. வெப்பத்தில் அதன் வீரியம் கெட்டுவிடும். அன்று பனிப்பெட்டி கிடையாது. அம்மைப்பாலை நூலில் தோய்த்து உலர்த்தியும், கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து மெழுகால் மூடியும் அனுப்பிப் பார்த்தார்கள். சில சமயம் பலித்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பல சமயம் பலிக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பல மாதம் கடலில் வரும் கப்பலில் அது வீரியத்தோடு இந்தியா சேர்வது அரிதினும் அரிது.

அப்படியானால் எப்படி வந்தது? கையிலிருந்து கைக்கு வந்தது! ஒரு குழந்தையின் கையில் குத்தினால் ஏறத்தாழ எட்டாம் நாள் கொப்புளம் முற்றித் தெளிந்த நீர் கட்டும். அந்த நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். மனித உடலே மருந்துக் குப்பி.

வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டினோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாக அம்மைப்பால் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14-ஆம் நாள், பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுச் சிறுமிக்கு அது பலித்தது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் தடுப்பூசி அதுவே. அடுத்த வாரம் அவள் கையிலிருந்து ஐந்து பேருக்குக் குத்தினார்கள். அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்தது. சென்னையின் தலைமை மருத்துவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், 'ஹண்டர்' என்ற கப்பலில் அதைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். கடற்பயணத்தின்போதே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி, நவம்பரில் சார்லஸ் நார்ட்டன் என்ற 15 வயதுச் சிறுவனின் கையில் அது கல்கத்தாவில் இறங்கியது.

1803 நவம்பர் 30-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் 22 சிறுவர்களோடு அமெரிக்காவை நோக்கிக் கப்பலேறினார். அவர்கள் 3 முதல் 9 வயதுவரையுள்ள ஆதரவற்ற பிள்ளைகள். சங்கிலி அறுந்துவிடாமலிருக்க ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்தினார்கள். அடுத்த பிப்ரவரி 9-இல் போர்ட்டோ ரிக்கோ தீவை அடைந்தார்கள். 9 நாளுக்கு இருவர் என்றால் எத்தனை சிறுவர் தேவைப்பட்டிருப்பர்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குதிரையா, மாட்டுவண்டியா?

இனி நம் கதையைக் கணக்கிடுவோம். சென்னையிலிருந்து அவலூர்பேட்டை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். குதிரைவீரன் மூன்றே நாளில் வந்துவிடலாம். ஆனால் அவன் முன்னால் உட்கார்ந்து வரும் குழந்தையின் கையில் கொப்புளம் முற்ற எட்டு நாள் ஆகும். குதிரை எவ்வளவு விரைந்தாலும் எட்டாம் நாள் எட்டாம் நாளில்தான் வரும்! நாளுக்கு 25 கிலோமீட்டர் நடக்கும் மாட்டுவண்டியோ 7 நாளில் ஊர் சேர்ந்துவிடும். சென்னையில் குத்திக்கொண்ட குழந்தையை மறுநாளே வண்டியேற்றினால், சரியாக வேளைக்கு வந்துவிடும். இங்கே வெண்புரவியால் ஒரு பயனும் இல்லை.

அதன்பின்தான் உண்மையான போராட்டம். ஒரு கையிலிருந்து ஐந்து பேருக்குக் குத்தலாம் என்று கொள்வோம். 8-ஆம் நாள் 5 பேர். 16-ஆம் நாள் 25. 24-ஆம் நாள் 125. 32-ஆம் நாள் 625. ஒரே மாதத்தில் ஒரு பெரிய ஊரையே காக்கலாம். ஆனால் ஏதேனும் ஓர் எட்டாம் நாளில் ஒரு தாயும் தன் குழந்தையைக் கொண்டுவராவிட்டால்? சங்கிலி அறுந்தது! மீண்டும் சென்னையிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இந்தக் கதையின் வீரம் வாள்முனையில் இல்லை. ஊராரிடம் பேசி நம்பிக்கை பெறுவதில் இருக்கிறது. சென்னையில் சுவாமி நாயக் போன்ற நம் நாட்டவர் ஊசியோடு வீடு வீடாகச் செய்த வேலை அதுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கைக்குக் கை மாற்றும்போது வேறு நோய்களும் கூடவே தொற்றக்கூடும். மருந்துக் குப்பியாகப் பயன்பட்டவர்களும் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்களை மறந்துவிட்டு வைத்தியரை மட்டும் புகழும் கதை பாதிக் கதைதான்.

கதை சொல்லி அம்மை குத்தியவர்

மருத்துவத்துக்காகவே கற்பனைக் கதை எழுதியவர் ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். 1810 முதல் 1819 வரை சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்ற ஆங்கிலேயரே அவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதியவர். அம்மை குத்திக்கொள்ள மக்கள் தயங்கியதைக் கண்ட அவர், சக்தியும் தன்வந்தரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதையை அமைத்தார். மாட்டம்மை தேவியின் கொடையே என்பது அதன் கருத்து. அம்மனைக் கும்பிடும் மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேச முயன்றிருக்கிறார்.

நல்ல நோக்கந்தான். ஆனால் 1819-இல் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. மாட்டம்மைப் பாலைக் குத்தும் முறை தன்வந்தரியின் பழைய வடமொழி நூலிலேயே இருப்பதாக அது கூறியது. பலர் அதை அப்படியே நம்பினர். நூலுக்கு நூல் எடுத்தெழுதினர். 1987-இல் வுஜாஸ்டிக் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, அப்படியொரு பழஞ்சான்று இல்லை என்று காட்டினார். ஆயினும் அந்தக் கூற்று இன்னும் உலவுகிறது.

இதனால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். வங்காளத்துக் கிராமங்களில் உண்மையாகவே இருந்த அறிவும், சுவாமி நாயக்கின் உண்மையான உழைப்பும் பின்தள்ளப்பட்டு, இல்லாத பெருமை முன்னால் வந்து நிற்கிறது. கதையைக் கதை என்று சொல்லிவிட்டால் கேடில்லை. கதை சரித்திரத்தின் வேடம் போடும்போதுதான் கேடு.

குதிரை எப்போது வரலாம்?

நம் வீரனை முற்றிலும் கைவிட்டுவிட வேண்டாம். அவன் சற்று முன்னதாகப் பிறந்துவிட்டான், அவ்வளவே! பிற்காலத்தில் கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுத்தார்கள். பிள்ளைகளின் கைகளுக்கு விடுதலை கிடைத்தது. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் இவ்வகை அம்மைப்பால் தயாரித்த நிலையமாகும். ஆயினும் வெப்பத்தின் தொல்லை நீங்கவில்லை.

அதைத் தீர்த்தது பௌதிகம். ஈரத்தை நீக்கினால் மருந்து கெடாது. ஆனால் சூடாக்கி உலர்த்தினால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல அதிலுள்ள புரதம் திரிந்துவிடும். என்ன செய்வது? அம்மைப்பாலை உறைய வைத்து, சுற்றியுள்ள காற்றை வெளியே இழுத்துவிட வேண்டும். அழுத்தம் பாதரசமானியில் 4.6 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால், பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிவிடும். கற்பூரம் உருகாமலே கரைந்து மறைவது போன்ற பதங்கமாதல்தான் இது. எஞ்சுவது உலர்ந்த பொடி. 1950-களில் லெஸ்லி காலியர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அந்தப் பொடி ஒரு மாதத்துக்கு மேல் கெடவில்லை. இப்போது குதிரையிலும் கொண்டுபோகலாம், சைக்கிளிலும் கொண்டுபோகலாம்!

கொண்டுபோனார்கள். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மாணவர்களே, அடுத்தமுறை சரித்திரக் கதை படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த ஆண்டில் அந்த அறிவு இருந்ததா? அந்தத் தூரத்தைக் கடக்கும்வரை அந்தப் பொருள் கெடாமல் இருக்குமா? ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் வேலையை உண்மையில் எத்தனை பேர் செய்தார்கள்? பிறகு உங்கள் தாத்தா, பாட்டியின் கையைப் பாருங்கள். வட்டமான பெரிய தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கலாம். அதைக் குத்திக்கொண்ட நாளைப் பற்றிக் கேட்டு எழுதிவையுங்கள். பெரியம்மை ஒழிந்தபின் பிறந்தவர்களில் பெரும்பாலோர் கையில் அத்தழும்பு இருக்காது.