தண்ணீர் வாங்கிய மாணவிக்குச் சிறை!

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அதைத் தாண்டினால் வர்ஜீனியா ராஜ்யம். அங்கே சார்லட்ஸ்வில் என்று ஓர் ஊர். பெரிய சர்வகலாசாலை உள்ள ஊர். ஆகவே, எங்கு பார்த்தாலும் மாணவர்கள்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. இரவு மணி பத்து தாண்டிவிட்டது. 20 வயது மாணவி ஒருத்தி, தோழிகள் இருவருடன் ஒரு பெரிய மளிகைக் கடைக்குப் போனாள். ஐஸ்கிரீம் வாங்கினாள். ஒரு பெட்டி சோடாத் தண்ணீரும் வாங்கினாள். மூவரும் காரில் வந்து ஏறினார்கள்.

திடீரென்று இருட்டில் ஆறேழு பேர் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்! யாரும் யூனிபாரம் அணிந்திருக்கவில்லை. எல்லோரும் சாதாரண உடையில் இருந்தார்கள். ஏதோ வில்லையைக் காட்டி, கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். இஞ்சினைக் கிளப்பினால்தான் அந்தக் காரின் கண்ணாடி இறங்கும். இஞ்சினைக் கிளப்பியதும் ஒருவர் காரின் முன்பக்கம் பாய்ந்து ஏறினார். இன்னொருவர் துப்பாக்கியை உருவினார்.

பெண்கள் மூவரும் நடுங்கிவிட்டார்கள். பெண்களுக்கு நேரும் பலாத்காரத்தைக் கண்டித்து நடந்த ஒரு கூட்டத்துக்கு அன்று மாலைதான் அவர்கள் போயிருந்தார்கள். கேட்ட கதைகள் காதில் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். "வழிப்பறிக்காரர்கள்" என்றே நினைத்துக் காரை விரட்டினார்கள். ஓட்டிக்கொண்டே போலீசுக்கு டெலிபோன் செய்தார்கள்!

சிறிது தூரத்தில் சிவப்பு விளக்கும் சங்குமாக ஒரு வண்டி வந்து மறித்தது. கார் உடனே நின்றது. தங்களைச் சூழ்ந்துகொண்டவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்பது அப்போதுதான் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பெட்டியில் பீர் இருக்கிறது என்பது அதிகாரிகளின் சந்தேகம். 21 வயது நிரம்பாதவர் மது வாங்குவது அங்கே குற்றம். பெட்டியைத் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர்! அத்துடன் விட்டார்களா? இல்லை. அதிகாரிகள் மீது காரை உரசினாள், தப்பி ஓடினாள் என்று அந்த மாணவி மீது கடுமையான குற்றச்சாட்டுகள். அன்று இரவு முழுவதும் அவள் சிறையில் இருந்தாள். ஜூன் கடைசியில்தான் கேஸ் கைவிடப்பட்டது. அவள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாள். 2014-ம் ஆண்டில் 2,12,500 டாலர் கொடுத்து ராஜ்ய சர்க்கார் ராஜியானது.

கடையும் அவர்களே, காவலும் அவர்களே!

யார் இந்த அதிகாரிகள்? ஊர்ப் போலீசார் அல்ல. வர்ஜீனியா மது கண்ட்ரோல் இலாகாவின் ஆட்கள். "விசேஷ ஏஜெண்டுகள்" என்று அவர்களுக்குப் பெயர்.

இந்த இலாகா ஒரு விசித்திரமான இலாகா. விஸ்கி, ஜின், ரம் முதலிய கடுமையான மது வகைகளை வர்ஜீனியாவில் புட்டியாக வாங்க வேண்டுமானால், பெரும்பாலும் இந்த இலாகா நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும். இன்று அப்படி ஏறக்குறைய 400 கடைகள் இருக்கின்றன. பீரும் ஒயினும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால், அந்த மளிகைக் கடைக்காரர் இந்த இலாகாவிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பதும் இவர்களே. தப்பு நடந்தால் விசாரித்து அபராதம் போடுவதும், லைசென்ஸை நிறுத்திவைப்பதும், பிடுங்குவதும் இவர்களே. வியாபாரியும் இவர்கள், நீதிபதியும் இவர்கள், போலீசும் இவர்கள்! தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனை "டாஸ்மாக்" கையில் இருந்தாலும், கள்ளச்சாராயத்தைப் பிடிக்கும் வேலை போலீஸ் இலாகாவிடம்தான் இருக்கிறது. வர்ஜீனியாவில் அந்த வேலையும் விற்கிறவர் கையிலேயே இருக்கிறது.

அதிகாரம் எவ்வளவு தெரியுமா? ஓர் ஊரின் தலைமைப் போலீஸ் அதிகாரிக்கு என்ன அதிகாரம் உண்டோ, அதே அதிகாரம் இந்த ஏஜெண்டுகளுக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. மது சட்டத்துக்கு மட்டும் அல்ல, ராஜ்யத்தின் குற்றச் சட்டங்கள் அனைத்துக்கும்! துப்பாக்கி வைத்திருக்கலாம். கைது செய்யலாம். வாரண்டு வாங்கிச் சோதனை போடலாம்.

ஆனால், ஆள் பலம்? ராஜ்யத்தின் ஜனத்தொகை 80 லட்சத்துக்கு மேல். லைசென்ஸ் பெற்ற கடைகளும் ஓட்டல்களும் ஆயிரக்கணக்கில். ஏஜெண்டுகளோ நூறுக்குச் சற்று மேல். கைநிறைய அதிகாரம், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். தொல்லை இங்கேதான் ஆரம்பமாகிறது. அது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல.

ஆயிரத்து ஐந்நூறு பேர்!

வர்ஜீனியாவில் 1916-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதியே மதுவிலக்கு வந்துவிட்டது. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. அந்தப் பெரிய தேசத்தைக் காவல் காக்கத் தொடக்கத்தில் எத்தனை ஏஜெண்டுகள்? சுமார் 1,500 பேர்! வடக்கே கனடா, தெற்கே மெக்சிகோ, இரண்டு புறமும் கடல். எந்தப் பக்கத்திலிருந்தும் மது உள்ளே வரலாம்.

சம்பளம் சொற்பம். உத்தியோகம் கிடைத்ததோ அரசியல் சிபாரிசில். பரீட்சை கிடையாது. 1920-க்கும் 1926-க்கும் இடையில், 12 ஏஜெண்டுகளில் ஒருவர் வீதம் லஞ்சம், மோசடி, பொய்க் கணக்கு போன்ற குற்றங்களுக்காக வேலையை இழந்தார்கள். 1927-ல்தான் "எல்லோரும் பரீட்சை எழுத வேண்டும்" என்று உத்தரவு வந்தது. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை!

நல்லவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் இஸ்ஸி ஐன்ஸ்டைன் என்று ஒருவர். (விஞ்ஞானி ஐன்ஸ்டைன் அல்ல!) முன்பு தபால் இலாகாவில் குமாஸ்தா. குள்ளம், குண்டு உடம்பு. பல பாஷைகள் பேசுவார். விதவிதமாக வேஷம் போட்டுக்கொண்டு கள்ளக் கடைக்குப் போவார். குடிப்பதுபோல் பாவனை செய்வார். சட்டைப் பையில் ஒரு புனல். புனலுக்குக் கீழே மறைவாக ஒரு புட்டி. மது அதற்குள் இறங்கிவிடும். சாட்சி தயார்! அவரும் அவருடைய கூட்டாளி மோ ஸ்மித்தும் ஏறக்குறைய 4,900 பேரைக் கைது செய்தார்கள். ஆனால், இருவரையுமே 1925-ல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். திறமைக்குக் கிடைத்த பரிசு!

ஆட்கள் குறைவாக இருந்தாலும் அதிகாரம் வளர்ந்துகொண்டே போனது. தகுந்த காரணம் இருந்தால் ஓடும் காரை வாரண்டு இல்லாமலே நிறுத்திச் சோதனை போடலாம் என்று 1925-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மது வேட்டைக்காகப் பிறந்த அந்தத் தீர்ப்பு, மதுவிலக்கு போன பிறகும் இருக்கிறது.

1933 டிசம்பர் 5-ந் தேதி தேசிய மதுவிலக்கு முடிந்தது. "இனி அந்தந்த ராஜ்யம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டார்கள். 1934-ல் வர்ஜீனியாவின் மது கண்ட்ரோல் போர்டு பிறந்தது.

சர்க்கரை காட்டிக் கொடுத்தது

கடை திறந்தால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். வர்ஜீனியாவின் மலைப்பக்கத்தில் பிராங்க்ளின் என்று ஒரு ஜில்லா. ஜனத்தொகை சுமார் 24 ஆயிரம். 1930-க்குப் பிந்திய நாலு ஆண்டுகளில் அந்தச் சின்ன ஜில்லாவுக்கு ரயிலில் வந்து இறங்கிய சர்க்கரை 3 கோடி பவுண்டுக்கு மேல்! குழந்தை குட்டி உட்பட ஆளுக்குச் சுமார் 1,400 பவுண்டு. அவ்வளவு சர்க்கரையையும் காப்பியில் போட்டா குடித்திருப்பார்கள்? ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள்.

1935-ல் பெரிய வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவர்கள் காய்ச்சியவர்கள் மட்டும் அல்ல. ஜில்லா பிராசிக்யூட்டர், உதவி ஷெரீப்புகள், மது அதிகாரிகள் ஆகியோரும் நின்றார்கள். அடுப்புக்கு இவ்வளவு என்று மாமூல் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வாயைத் திறந்தால் பலரைக் காட்டிக் கொடுக்கக்கூடிய ஓர் உதவி ஷெரீப், வழக்குத் தொடங்கும் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் தண்டனை பெற்றார்கள். பிராசிக்யூட்டர் விடுதலையானார்.

ஏஜெண்டுகளுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த மலைதான் பதில். காட்டுக்குள் அடுப்பைத் தேடிப் போகிறவர் வெறுங்கையுடன் போக முடியாது. அந்தச் சரக்கும் சாதாரண சரக்கு அல்ல. பழைய காரின் ரேடியேட்டரைக் கொண்டு ஆவியைக் குளிர வைப்பார்கள். அதிலுள்ள ஈயம் சாராயத்தில் கலந்து, குடித்தவனை உருக்குலைக்கும். அதைப் பிடிப்பதற்கு ஆள் வேண்டும். தைரியமான ஆள் வேண்டும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

கணக்கும் பார்க்க வேண்டும்

ஆனால், ஏஜெண்டுகளின் அன்றாட வேலையில் பெரும் பகுதி மலையில் இல்லை. ஓட்டலில் இருக்கிறது. வெறும் சாராய விடுதி நடத்த வர்ஜீனியா சட்டம் இடம் கொடுப்பதில்லை. விஸ்கி ஊற்றிக் கொடுக்கும் ஓட்டல், சாப்பாடும் விற்க வேண்டும். சாப்பாடும் அந்தக் கடுமையான மதுவும் சேர்ந்த விற்பனையில் 100-க்கு 45 பங்காவது சாப்பாடாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. ஆகவே, முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்!

இன்னொரு வேலை, கடைக்காரரைப் பரீட்சை செய்வது. வயது நிரம்பாத ஒரு பையனையோ பெண்ணையோ ஏஜெண்டுகள் கடைக்குள் அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை வயதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அடையாளச் சீட்டு கேட்டால் சொந்தச் சீட்டையே காட்ட வேண்டும். வர்ஜீனியாவில் 21 வயது நிரம்பாதவரின் டிரைவர் லைசென்ஸ் நெட்டுவாக்கில் அச்சிடப்பட்டிருக்கும். நிரம்பியவருடையது குறுக்குவாக்கில் இருக்கும். தேதியைப் படித்துக் கணக்குப் போடத் தெரியாத கடைப் பையனுக்குக்கூட ஒரே பார்வையில் புரிந்துவிடும். அப்படியும் பீரைக் கொடுத்துவிட்டால் கடைப் பையன் மீது கேஸ். முதலாளியின் லைசென்ஸுக்கும் ஆபத்து.

சிகரெட்டுக்கும் இதே பரீட்சைதான். சினார் என்ற காங்கிரஸ் சபை உறுப்பினரின் பெயரால் வழங்கும் ஒரு சட்டம் 1992-ல் வந்தது. ஒவ்வொரு ராஜ்யமும் முன்னறிவிப்பு இல்லாமல் கடைகளைச் சோதிக்க வேண்டும். சிறுவருக்குப் புகையிலை விற்கும் கடைகள் 100-க்கு 20-க்கு மேல் போகக் கூடாது. போனால் மத்திய சர்க்கார் தரும் சுகாதார மானியத்தில் ஒரு பகுதி வெட்டு! வயது வரம்பு முதலில் 18 ஆக இருந்தது. 2019 டிசம்பரில் தேசம் முழுவதும் 21 ஆக உயர்ந்தது. மது குடிக்கும் வயதை 21 ஆக்கியதும் இதே உபாயத்தால்தான். 21 ஆக்காத ராஜ்யத்துக்கு ரோடு போடும் பணத்தில் வெட்டு விழும் என்று 1984-ல் சட்டம் செய்தார்கள். பணப்பை எங்கே இருக்கிறதோ, அங்கேதானே அதிகாரம்!

ஆக, ஒரே ஏஜெண்டு மலையில் சாராயக் கும்பலைத் துரத்த வேண்டும். ஓட்டலில் கணக்குப் பார்க்க வேண்டும். இரவில் கடை வாசலில் நின்று, கல்லூரிப் பிள்ளைகளின் கையில் இருக்கும் பெட்டியையும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே வில்லை. மலையில் பழகிய கை மளிகைக் கடை வாசலில் நீண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் 2013-ல் பார்த்தோம். வயது நிரம்பாதவர் பீர் வைத்திருந்தால் 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் குற்றத்துக்கே துப்பாக்கி அதிகம் என்று தோன்றுகிறது. தண்ணீருக்கு?

மறுபடியும் அதே ஊர்!

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2015 மார்ச் மாதம். அதே சார்லட்ஸ்வில். நள்ளிரவுக்குப் பிறகு 20 வயது கறுப்பு இன மாணவன் ஒருவனை ஒரு விடுதிக்காரர் உள்ளே விட மறுத்தார். சண்டை எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் பேசிப் பிரிந்தார்கள். வெளியே நின்ற ஏஜெண்டுகள் அவனைப் பிடித்தார்கள். இழுபறியில் அவன் தரையில் விழுந்தான். தலையில் காயம், பத்துத் தையல்! முகமெல்லாம் இரத்தம் வழிய அவன் அலறிய காட்சியை அங்கிருந்தவர்கள் படம் பிடித்தார்கள். அது அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

சர்வகலாசாலை மாணவர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். கவர்னர் மெக்காலிப் ராஜ்யப் போலீசைக் கொண்டு விசாரிக்கச் சொன்னார். ஏஜெண்டுகள் அனைவரும் செப்டம்பருக்குள் மறுபடியும் பயிற்சி பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். எப்போது பலத்தைப் பிரயோகிக்கலாம், இளைஞரிடம் எப்படிப் பேசுவது, பல இன மக்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பன பாடங்கள். கல்லூரி உள்ள ஊர்களில் ஊர்ப் போலீசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் உத்தரவு.

ஜூன் மாதத்தில் மாணவன் மீதிருந்த கேஸ் கைவிடப்பட்டது. ஏஜெண்டுகள் மீதும் வழக்கு இல்லை என்று பிராசிக்யூட்டர் அறிவித்தார். மாணவன் தொடுத்த வழக்கு 2018-ல் 2,49,950 டாலருக்கு ராஜியாயிற்று.

"இவர்களுக்குக் கைது அதிகாரமே வேண்டாம். லைசென்ஸைப் பார்த்தால் போதும். மற்றதை ஊர்ப் போலீஸ் கவனிக்கட்டும்" என்று கேட்டவர்கள் உண்டு. "அப்படியானால் மலையில் யார் ஏறுவது?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு வேலைக்கும் இரண்டு வகை ஆட்களை வைத்தால் தீர்ந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால், அதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

2018-ம் ஆண்டு ஜனவரியில் அந்த இலாகா தனி ஸ்தாபனமாக மாற்றப்பட்டது. பெயர்ப் பலகை மாறியது. ஏஜெண்டுகளுக்குத் தலைமைப் போலீஸ் அதிகாரிக்குரிய அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டப் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.