உங்களுக்குத் தெரியுமா? - ஒரு சொட்டு வியர்வை

உளவுப் படங்களிலேயே பரபரப்பான காட்சி எது என்று கேட்டால், நான் துப்பாக்கிச் சண்டை எதையும் சொல்ல மாட்டேன். ஒரு சொட்டு வியர்வையைத்தான் சொல்வேன். 1996-இல் பிரையன் டி பால்மா இயக்கிய முதல் ‘மிஷன் இம்பாசிபிள்’ படம். சிஐஏ தலைமையகத்தின் கணினி அறை. தரையில் எடை பட்டால் அலாரம். வெப்பம் கூடினால் அலாரம். கிசுகிசுப்புக்கு மேல் சத்தம் எழுந்தாலும் அலாரம். கூரையிலிருந்து கயிற்றில் குப்புறத் தொங்குகிறார் டாம் குரூஸ். மூக்குக்கண்ணாடியில் வியர்வை வழிந்து, ஓரத்தில் திரண்டு, விழுகிறது. தரையைத் தொடுமுன் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறார். அந்த அறைக்குள் அவர் இருக்கும்வரை பின்னணி இசை கிடையாது. நான் பார்த்த தியேட்டரில், பக்கத்து இருக்கைக்காரர் முறுக்கைப் பாதி கடித்த நிலையில் அப்படியே நிறுத்திவிட்டார். அந்தக் ‘கடக்’ சத்தத்துக்கு அலாரம் அடித்துவிடும் என்று எங்கள் வரிசை முழுவதுமே நம்பிய நிமிடம் அது.

*

அந்தக் காட்சியைப் படமாக்கும்போது குரூஸுக்கு ஒரு சிக்கல். தரைக்குச் சில அங்குலம் மேலே உடல் கிடையாக நிற்க வேண்டும். ஆனால் தலைப்பக்கம் கனம் அதிகமாகி, முகம் போய்த் தரையில் மோதிக்கொண்டே இருந்தது. கடைசியில் காலணிக்குள் நாணயங்களைப் போட்டுக்கொண்டார். கால்பக்கம் கனம் கூடியது, தராசுத் தட்டு சமமானதுபோல் உடல் நேராக நின்றது. பெரிய பட்ஜெட் படத்தின் பெரிய காட்சியைக் காப்பாற்றியது சில்லறைக் காசு!

*

சத்தமில்லாத திருட்டுக்கு முன்னோடி ஜூல்ஸ் தாசின் என்ற இயக்குநர். 1955-இல் பிரான்சில் அவர் எடுத்த ‘ரிஃபிஃபி’ படத்தின் கொள்ளைக் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம். அதில் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. 1964-இல் அவரே ‘தோப்காபி’ எடுத்தார். இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில், தரையில் கால் படாமல் மேலிருந்து கயிற்றில் இறங்கித் திருடுகிறார்கள். அந்தப் படம் பிடித்துப்போய்த்தான் புரூஸ் கெல்லர் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். 17 செப்டம்பர் 1966-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பு தொடங்கியது. தொடரின் தொடக்கத்தில் தீக்குச்சி உரசித் திரியைப் பற்றவைக்கும் கை, கெல்லரின் சொந்தக் கை!

*

அந்தத் திரி எரியும்போது ஒலிக்கும் இசையை அமைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின். வழக்கமான மேற்கத்திய நான்கு எண்ணிக்கையில் அது அடங்காது. ஐந்து எண்ணிக்கை. தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. மூன்றும் மூன்றும் இரண்டும் இரண்டும் பத்து அரை எண்ணிக்கை. முதல் பாதி இழுத்து நடக்கிறது, இரண்டாம் பாதி அவசரமாக ஓடுகிறது. கால் எங்கே ஊன்றுவது என்று தெரியாத அந்தத் தடுமாற்றம்தான் நமக்குப் படபடப்பைத் தருகிறது. ஐந்து என்றால் நம் தாளக்காரர்களுக்குக் கண்டம். ஆபத்துக்கும் தமிழில் கண்டம் என்றே பெயர் இருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

*

‘மிஷன் இம்பாசிபிள்’ தொடர் தொடங்கிய அதே 1966-இல்தான் நம் ஊரில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் உளவுப் படமான ‘வல்லவன் ஒருவன்’ வெளிவந்தது. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார்.

*

ஹிட்ச்காக் ஒருமுறை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு ஒரு கணக்குச் சொன்னார். மேசையில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாது. அது வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி. குண்டை முன்பே நமக்குக் காட்டிவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. அதே சாதாரணப் பேச்சு, ஆனால் ‘எழுந்து போங்களேன்!’ என்று நாம் மனசுக்குள் கத்திக்கொண்டிருப்போம். இந்தக் கணக்கு தெரியாத இயக்குநர் எத்தனை கார்களைப் புரட்டினாலும் பயனில்லை.

*

2007-இல் வந்த ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு வெட்டு என்று பறக்கும் படம். சிறந்த படத்தொகுப்பு உட்பட 3 ஆஸ்கர் விருதுகள் பெற்றது. அதில் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒரு பத்திரிகையாளரைக் கொலையாளிகளும் கேமராக்களும் தேடுகின்றன. தொலைவில் நின்று செல்போனில் அவரை வழிநடத்துகிறான் நாயகன். நில், நட, குனிந்து ஷூ லேஸைக் கட்டு. ஷூ லேஸ் கட்டுவதைப் பார்த்து என்றாவது நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறதா? எனக்கு அந்த ஒருமுறைதான்.

*

1983-இல் வந்த ‘ஆக்டோபஸி’ ஜேம்ஸ் பாண்ட் படத்தின் ஒரு பெரிய பகுதி உதய்ப்பூரில் நடக்கிறது. வந்திறங்கும் பாண்டுக்கு அடையாளம் காட்ட, பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்திருக்கும் உளவாளி மகுடியில் பாண்ட் இசையையே வாசிப்பார். வாசித்தவர் நம் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். ஆட்டோ துரத்தலில் எதிரிகளை விரட்ட அவர் கையில் எடுப்பது டென்னிஸ் ராக்கெட்! பாண்ட் படத்தில் ஆட்டோ சந்துபொந்தெல்லாம் புகுந்து ஓடியதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

*

‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ படத்துக்காக, ஆகஸ்ட் 2017-இல் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய குரூஸின் கணுக்கால் சுவரில் மோதி முறிந்தது. முறிந்த காலோடு எழுந்து, நொண்டியபடியே கேமராவைக் கடந்து போய் ஷாட்டை முடித்தார். படப்பிடிப்பு பல வாரங்கள் நின்றது. படத்தில் இருப்பது அதே ஷாட்தான். அடுத்தமுறை பார்க்கும்போது அந்தப் பாதத்தைக் கவனியுங்கள். மடங்கக் கூடாத பக்கம் மடங்கும்.

அதே படத்தில் 25,000 அடி உயரத்திலிருந்து குதிக்கும் காட்சி உண்டு. கதைப்படி பாரிஸ், படமாக்கியது அபுதாபியில். பொழுது சாயும்போது கிடைக்கும் சில நிமிட வெளிச்சம்தான் வேண்டும் என்பதால் நாளுக்கு ஒரே முயற்சி. ஒத்திகைகளையும் சேர்த்து மொத்தம் 106 முறை குதித்தார்கள். ஒளிப்பதிவாளர் கேமராவைத் தலையில் கட்டிக்கொண்டு கூடவே குதித்தார். குதிப்பது குரூஸேதான் என்று நமக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகவே முகம் தெரியும்படி உள்ளே விளக்கு வைத்த தலைக்கவசம் செய்தார்கள். டூப் போட்டு இன்னும் அழகாக எடுத்துவிடலாம். ஆனால் விழுகிற உடல் யாருடையது என்று தெரிந்தால்தான் நம் வயிற்றைப் பிசைகிறது.

*

2023-இல் வந்த ‘மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங்’ படத்தில் நார்வே மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்வதைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்தார்கள். காரணத்தைக் குரூஸே சொன்னார்: படத்தைத் தொடர முடியுமா, முடியாதா என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட வேண்டும். பாய்ந்த ஒவ்வொரு முறையும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரி மானிட்டர் முன்னால் பாராசூட் விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விரிந்தது. அன்று ஒரே நாளில் 6 முறை.