குதிரை தொட்டியைக் கவ்விக் காற்றிழுத்தல்

லாயத்திற் கட்டப்பட்ட குதிரை சில வேளைகளில் தீனித்தொட்டியின் விளிம்பையோ குறுக்குக் கட்டையையோ முன்பற்களாற் கவ்விக் கழுத்தை வளைத்து, உறுமல் போன்ற ஓசையுடன் காற்றை இழுக்கும். இது மரத்தைக் கறித்துத் தின்னும் பழக்கத்தினின்றும் வேறானது. இழுத்த காற்று இரைப்பையை நிரப்புமென முன்னர் எண்ணினர். ஊடுகதிர் கொண்டு நோக்கியபோது, அதிற் பெரும்பகுதி உணவுக்குழாயின் மேற்பாகம் வரை சென்று மீள்வது தெரியவந்தது.

வில்கமுவ போன்ற நெல் விளையும் பகுதிகளில் மாடும் எருமையும் வளர்த்துப் பழகியோர், குதிரையையும் அவ்வாறே கருதுதல் இயல்பு. ஆயின் மாடு வயிறு நிரம்பியபின் படுத்து அசைபோடும்; கட்டுத்தறியிலும் அதன் வாய்க்கு வேலையுண்டு. குதிரை அசைபோடாது. வெளியில் விட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டிருக்கும். அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கின்றது. அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதே சுரக்கும். காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் வைத்து, புல்லைக் குறைத்து, நாள் முழுதும் தனியே கட்டிவைத்தால் இரைப்பை புண்படவும் இப்பழக்கம் தோன்றவும் இடமுண்டாகும். பால் மறந்த குட்டிகளுக்குத் தானியத் தீனி கொடுப்பது இவ்வபாயத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்குவதாக 2002ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டிற்று.

நெடுந்தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகள் கோடையில் நீருக்கும் புல்லுக்கும் பெரிதும் வருந்துவன. எனினும் அவ்வாறு கூட்டமாய் மேய்ந்து வாழும் குதிரைகளிடத்து இப்பழக்கம் காணப்படுவதில்லை. பந்தயத்திற்கும் சவாரிக்குமாகக் குதிரைகளை லாயத்தில் வைத்திருக்கும் நுவரெலியா போன்ற இடங்களிலேயே இதனைக் கவனித்தல் வேண்டும்.

கழுத்தில் வாரை இறுக்குவதும், கட்டையிற் கசப்புப் பூசுவதும் பழைய வழக்கங்கள். இவை செயலைத் தடுக்குமேயன்றிக் காரணத்தை நீக்கா. வாரைக் கழற்றியதும் குதிரை முன்னிலும் மிகுதியாகக் கவ்வக்கூடும். அடித்தலால் ஒரு பயனுமில்லை. மற்றக் குதிரைகள் பார்த்துப் பழகிவிடும் என்றஞ்சித் தனியே ஒதுக்குவதற்கும் தக்க சான்றில்லை. தனிமை தீங்கையே கூட்டும்.

செய்யவேண்டியது புல்லைக் கூட்டுவதே. 300 கிலோகிராம் எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் உலர்புல்லாவது, பச்சைப் புல்லாயின் ஏறக்குறைய 20 கிலோகிராமாவது வேண்டும். அதனைப் பல வேளைகளாகப் பகிர்ந்து, இரவுக்கும் ஒரு பங்கு வைத்தல் நன்று. தானியத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். தீனியைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலி உண்டாகும். மாட்டுக்கு உதவும் நெல் வைக்கோலை மட்டும் நம்புதல் தகாது. அது முரடானது, சத்துக் குறைந்தது, குடலை அடைக்கவும் கூடும். கினிப் புல்லிலும் மலைநாட்டுக் கிக்கூயூப் புல்லிலும் உள்ள ஒட்சலேற்று சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராதவாறு தடுக்கும். ஆதலால் அவற்றையே நெடுநாள் கொடுப்போர் கால்நடை வைத்தியரைக் கேட்டுத் தாதுக்கலவை சேர்த்தல் வேண்டும். நாள்தோறும் சில மணி நேரமாவது வேறொரு குதிரையுடன் வெளியில் விடுதல் அவசியம்.

பல ஆண்டுகள் ஊறிய பழக்கம் முற்றும் நீங்குதல் அரிது, குறைந்தாலே போதும். இத்தகைய குதிரையின் முன்பற்கள் தேய்ந்து புல்லைக் கடிக்க இயலாமற் போகலாமாதலால் அவற்றை ஆண்டுதோறும் சோதிப்பித்தல் நலம். குடற் சிக்கலும் இவற்றுக்குச் சற்று மிகுதி. தீனியை மறுத்து, விலாவைத் திரும்பித் திரும்பி நோக்கி, நிலத்திற் புரளுமாயின், பொழுது விடியும்வரை காத்திராது உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும்.