டிஸர்டேஷன்: டெமோ ஓடினா போதாது

நம்ம லிசனர்ஸ்ல யுகே-ல எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற சில பேர் இப்போ டிஸர்டேஷன்ல மாட்டிக்கிட்டு முழிச்சுட்டு இருப்பீங்க. "ப்ராஜெக்ட்தானே, பி.இ.லயே பண்ணிட்டோமே"ன்னுதான் நானும் உள்ளே போனேன்.

நம்ம ஊர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். மூணு நாலு பேர் ஒரு பேட்ச். ஒருத்தன் கோட் அடிப்பான், ஒருத்தி பிபிடி போடுவா, ஒருத்தன் ரிப்போர்ட்டை பைண்டிங் கொடுத்து வாங்கிட்டு வருவான். ரிவ்யூ அன்னைக்கு டெமோ ஓடிட்டா நிம்மதி. எங்க பேட்ச்ல நான் கோட் அடிக்கிற ஆள். அந்த ரிப்போர்ட்டை நான் இன்னைக்கு வரைக்கும் முழுசாப் படிச்சதில்லை.

யுகே-ல கணக்கே வேற. எம்.எஸ்சி.க்கு 180 கிரெடிட்ன்னா, பொதுவா அதுல 60 டிஸர்டேஷனுக்குப் போயிடும். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்புன்னு வெச்சா 600 மணி நேரம். 12 வாரத்துல முடிக்கணும்னா வாரத்துக்கு 50 மணி நேரம், அதுவும் தனியா. இன்னொண்ணு, நிறைய பேர் ஏமாறுற இடம்: "சம்மர்தானே, லீவுதானே"ன்னு ஃபுல் டைம் வேலைக்குப் போயிடாதீங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறவங்களுக்கு டிஸர்டேஷன் எழுதுற காலமும் டெர்ம் டைம்தான். ஸ்டூடன்ட் விசாவோட வாரம் 20 மணி நேர லிமிட் அப்பவும் இருக்கும்.

சரி, என் கதைக்கு வர்றேன். தங்கிலீஷ்ல எழுதுற யூடியூப் கமெண்ட் பாராட்டா திட்டான்னு கண்டுபிடிக்கிறதுதான் என் டாபிக். இதுக்கு 2020ல வெளியான ஒரு டேட்டாசெட் இருக்கு, 15,000க்கு மேல கமெண்ட். நான் உடனே மாடல் ட்ரெயின் பண்ணி, அதுக்கு மேல அழகா ஒரு வெப் ஆப் கட்டினேன். கமெண்ட் டைப் பண்ணினா ஸ்மைலி வரும். அஞ்சு வாரம் போச்சு. அக்யூரஸி 70 சதவீதம் கிட்ட வந்ததும், பெருமையா சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன்.

அவர் ஆப்பைப் பார்க்கவே இல்லை. "எந்தக் கமெண்ட் வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு பாசிட்டிவ்னு சொல்ற ஒரு ப்ரோக்ராம் எழுதினா, அதுக்கு எவ்வளவு வரும்?"னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி போட்டுப் பார்த்தேன். ரெண்டு வரி கோட். அந்த டேட்டாவுல சுமார் மூணுல ரெண்டு பங்கு கமெண்ட் பாசிட்டிவ்தான். அதனால ஒண்ணுமே படிக்காத அந்த ப்ரோக்ராமும் என் மாடலுக்கு ரெண்டு மூணு பாயிண்ட் பக்கத்துல வந்து நிக்குது. எல்லா வகைக்கும் சமமா மதிப்பு கொடுக்கிற மேக்ரோ எஃப்1-ல பார்த்தா, திட்டுற கமெண்ட்டை என் மாடல் பாதிக்கு மேல தவறவிட்டிருக்கு. சாப்பாடு இறங்கலை. அம்மா ஃபோன் பண்ணினப்போ "எல்லாம் நல்லாப் போகுது"ன்னு சொல்லி வெச்சேன். எஜுகேஷன் லோன் எடுத்து அனுப்பினவங்ககிட்ட வேற என்ன சொல்றது?

நான் ஒரு பொருளைக் கட்டினேனே தவிர எந்தக் கேள்வியும் கேட்கலை. மார்க் போடுறவர் பார்க்கிறது அந்தக் கேள்வியைத்தான்: என்ன தெரிஞ்சுக்க நினைச்சே, எதோட ஒப்பிட்டே, அந்த நம்பரை ஏன் நம்பணும்.

மீதி ஏழு வாரத்துக்குக் கேள்வியைச் சுருக்கினேன். 'இருக்கு'ங்கிற ஒரே வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல ஒருத்தர் ஒரு 'கே' போட்டு எழுதுவார், இன்னொருத்தர் ரெண்டு, ஜாலி மூடுல இருந்தா கடைசி 'யு'வை அஞ்சு தடவை இழுப்பார். மாடலுக்கு இதெல்லாம் வேற வேற வார்த்தை. ஸ்பெல்லிங்கை ஒழுங்குபடுத்திட்டு ட்ரெயின் பண்ணினா திட்டுற கமெண்ட் நல்லாப் பிடிபடுமா? இவ்வளவுதான் கேள்வி. அதே மாடல், அதே டேட்டா, ஸ்பெல்லிங் ஒண்ணு மட்டும் மாறும். ஒவ்வொண்ணையும் அஞ்சு ரேண்டம் சீட்ல ஓட்டினேன். ஒரு தடவை ஓட்டி வந்த நம்பர் அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்ல.

நடுவுல இன்னொரு சொதப்பல். லேபிள் சரியான்னு பார்க்க ரூம்மேட்ஸ்கிட்ட 200 கமெண்ட்டைக் கொடுத்து மார்க் பண்ணச் சொன்னேன். மனுஷங்க பங்கெடுத்தா எதிக்ஸ் அப்ரூவல் முன்னாடியே வாங்கியிருக்கணும். வாங்கலை. அந்த 200-ம் குப்பைக்குப் போச்சு. முதல் வாரமே அந்த ஃபார்மை முடிச்சுடுங்க.

ரிசல்ட்? ஸ்பெல்லிங்கைத் திருத்தினதால பெருசா ஒண்ணும் ஏறலை. "ஃபெயில் ஆயிடுவேனா சார்?"னு கேட்டேன் (அங்க யாரும் சார்னு கூப்பிடுறதில்லை, ஆனா வாய் கேட்கலை). அவர் சிரிச்சுட்டு, "ஏன் ஏறலைன்னு எழுது"ன்னார். தப்பாப் போன 100 கமெண்ட்டை உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் படிச்சேன். நிறைய இடத்துல பிரச்சினை ஸ்பெல்லிங்கே இல்லை, நக்கல். "நல்லா நடிச்சிருக்கார்"னு எழுதி கடைசியில ஒரு சிரிப்பு எமோஜி. மாடல் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்குச்சு. அந்த சாப்டர்தான் என் டிஸர்டேஷன்லயே உருப்படியான சாப்டர்.

எழுதுறதைக் கடைசிக்குத் தள்ளினதுதான் இப்பவும் எனக்கு வருத்தம். எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்ச அன்னைக்கே, எந்த செட்டிங்ல ஓட்டினோம்னு ரெண்டு பாராவாவது எழுதி வைங்க. நான் அதை ஆகஸ்ட்ல கிட் கமிட் மெசேஜைப் பார்த்துத் தேடினேன். பாதி மெசேஜ்ல "ஃபைனல்", "ஃபைனல் 2"ன்னுதான் இருந்துச்சு.

மார்க் 64. டிஸ்டிங்ஷனுக்கு 70 வேணும், வரலை. வெப் ஆப்புக்கு ரிப்போர்ட்ல கிடைச்ச இடம் அப்பெண்டிக்ஸ்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட். அடுத்த எபிசோட்ல வைவா பத்திப் பேசலாம். உங்க டாபிக்கை ஒரே ஒரு கேள்வியா எழுதி அனுப்புங்க, சிலதை எடுத்து லைவ்ல பார்ப்போம்.