தாய்மீன்களுக்கு மயக்க மருந்து

1957-ல் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தது முதல், தாய்மீன்களைக் கையாளுதல் அவசியமாயிற்று. கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வீராணம் பாசனக் குளங்களில் கட்லா, ரோகு வளர்ப்போர், ஊசியிடுங்கால் மீன் துள்ளிச் செதிலுதிர்ந்து மாளாதபடி காத்தல் வேண்டும். பெரிய தாய்மீன் ஒன்று மாண்டால் லட்சக்கணக்கான முட்டைகள் நஷ்டமாகும்.

இதற்குக் கிராம்புத் தைலம் உதவும். அது ஜலத்தில் எளிதில் கரையாதாகையால், ஒரு பங்கு தைலத்தை ஒன்பது பங்கு எத்தில் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். பத்து லிட்டர் ஜலத்திற்கு இக்கரைசல் 5 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. வெப்ப காலத்தில் மருந்து விரைந்து ஏறுமாதலின், பாதியளவில் தொடங்குவது நலம்.

சிறுமீன்களுக்கு உடல் எடையை நோக்கச் செவுட்பரப்பு அதிகம். பெரும்பாலும் விரைவில் மயங்கும். பெருமீன்கள் தாமதித்து மயங்கித் தாமதித்தே தெளியும். ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாகாது. முதலில் ஓரிரு மீன்களைக் கொண்டு பரீட்சித்தல் வேண்டும்.

முதல் நாளே இரையை நிறுத்துக. மீன் நிலைதவறிச் சாய்ந்ததும் எடுத்து வேலையை முடிக்க. செவுளசைவு நின்றால் தாமதியாது காற்றூட்டிய நல்ல ஜலத்தில் விடுக. மயக்கிய மீனை உடனே கறிக்கு விற்றல் கூடாது.