லெவலிங் கிட் போட்ட பிறகு வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? டக் டக் சத்தம் கேட்குதா? முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்!

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்தால், பனியன் கம்பெனிக்காரர்கள் கையில் மிஞ்சுவது ஞாயிறு ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் உடுமலை வழியாக மூணாறு, ஆழியாறு ஏறி வால்பாறை என்று கிளம்புபவர்களில் பலரும் இப்போது தார், ஜிம்னி, இசுசு வி-கிராஸ் போன்ற வண்டிகளைத்தான் விரும்புகிறார்கள்.

வண்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர், "முன்னாடி மூக்கு தாழ்ந்து நிக்குதே, ஒரு லெவலிங் கிட் போட்டா சும்மா கெத்தா இருக்கும்" என்று ஆசையைக் கிளப்பிவிடுவார். கிட்டும் போட்டாச்சு, வண்டியும் நிமிர்ந்து நின்றாச்சு. ஆனால் அதன் பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது, மேடு பள்ளத்தில் டக் என்று சத்தம் வருகிறது, புது டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்கிறது. இது எதனால்? எதை முதலில் பார்க்க வேண்டும்? எப்போது வண்டியை எடுக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

லெவலிங் கிட் என்றால் என்ன?

பெரும்பாலான பிக்-அப் வண்டிகளில் முன்பக்கத்தை விட பின்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும். இது தயாரிப்புக் குறை இல்லை. பின்னால் லோடு ஏற்றும்போது வண்டி மட்டமாக வர வேண்டும் என்பதற்காகவே நிறுவனம் அப்படி வைத்திருக்கிறது.

லெவலிங் கிட் முன்பக்கத்தை மட்டும் தூக்கி, வெறும் வண்டியாக நிற்கும்போதே மட்டமாகக் காட்டும். பொதுவாக ஷாக் அப்சார்பருக்கு மேலே ஒரு தடிமனான ஸ்பேசர் வைப்பார்கள். அல்லது காயில் ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் ஸ்பேசர் போடுவார்கள். டார்ஷன் பார் உள்ள பழைய தார் போன்ற வண்டிகளில் போல்ட்டை முறுக்கியே தூக்கிவிடுவார்கள்.

இங்கேதான் முதல் கணக்கு தப்பாகிறது. ஒரு இன்ச் ஸ்பேசர் வைத்தால் வண்டி ஒரு இன்ச்தான் ஏறும் என்று நினைக்கக் கூடாது. புதிய தார், வி-கிராஸ் போன்ற வண்டிகளின் முன்பக்கத்தில் ஷாக் நேராகச் சக்கரத்தின் மேல் உட்காரவில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடுவில் உட்காருகிறது. நெம்புகோல் போல, ஷாக்கின் மேல் வைக்கும் ஒரு இன்ச், சக்கரத்தில் அதை விடக் கூடுதலாகிவிடும்.

புது டயர் மாற்றியும் தேய்கிறதே, ஏன்?

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டைத் துவைத்ததும் சில நேரம் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். தையலைப் பிரித்துத் திரும்ப அடித்தாலும் தீராது. காரணம் நூலின் முறுக்கிலும் நிட்டிங்கிலும் இருக்கிறது. வண்டியிலும் அப்படித்தான். தேய்மானம் தெரிவது டயரில், கோளாறு இருப்பது அதற்கு மேலே.

முன்பக்கத்தைத் தூக்கியதும் சக்கரத்தின் மூன்று கோணங்கள் மாறுகின்றன.

கேம்பர்: முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. தூக்கிய வண்டியில் பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாயும். டயரின் வெளி ஓரம் சீக்கிரம் தேயும்.

டோ: இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா என்பது. இது தப்பினால் டயரின் மேல் கையை ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும், எதிர்த் திசையில் தடவும்போது வெட்டுவது போலவும் இருக்கும்.

காஸ்டர்: வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது இதனால்தான். இது குறைந்தால் ஹைவேயில் வண்டி அலைபாயும். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும்.

அதனால் கிட் போட்ட அன்றே வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம். "பார்த்தாச்சு சார்" என்ற வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். முன், பின் அளவு இரண்டும் உள்ள பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். டோ மட்டும் சரி செய்துவிட்டு கேம்பர், காஸ்டர் சிவப்பிலேயே இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சில வண்டிகளில் அந்த அளவுக்குத் திருத்த இடமே இருக்காது. அப்போது நீளம் மாறிய அப்பர் ஆர்ம் போட வேண்டும், இல்லையென்றால் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

எந்தச் சத்தத்துக்கு எது காரணம்?

ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது டக் என்று ஒற்றைச் சத்தம்: ஷாக் அதன் மேல் எல்லையில் முட்டுகிறது. வண்டியைத் தூக்கியதும் ஷாக் ஏற்கெனவே பாதி நீண்டு நிற்கிறது. சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. ஸ்பிரிங்கை அழுத்தும் ஸ்பேசர் போட்ட வண்டிகளில் இது அதிகம்.

கல்லுக்குண்டு ரோட்டில் தொடர்ந்து கடகடவென்று சத்தம்: ஷாக்கின் மேல் நட்டு, ஸ்டெபிலைசர் லிங்க் போல்ட் லூஸாக இருக்கலாம். கிட் போட்டு 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்து ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கிறீச் கிறீச் சத்தம்: ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ். சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும்.

முழுதாகத் திருப்பும்போது டிக் டிக் சத்தம்: ஆக்ஸில் ஜாயின்ட். உயரம் கூடியதால் அது செங்குத்தான கோணத்தில் சுற்றுகிறது. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜிம்னியில் ஸ்டீயரிங் உதறல்: ஜிம்னியில் முன்பக்கமும் ஒரே துண்டான ஆக்ஸில்தான். உடலைத் தூக்கும்போது, ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடின் நீளம் மாறாததால் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். காஸ்டரும் குறையும். கூடவே வீல் பேலன்ஸிங் சரியில்லை, ஜாயின்ட் லூஸ் என்றால், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் பயங்கரமாக உதற ஆரம்பிக்கும். அப்படி ஆனால் திடீர் பிரேக் வேண்டாம். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

வீட்டிலேயே 10 நிமிடத்தில் செக் பண்ணுவது எப்படி?

1. நான்கு டயரிலும் காற்று அளவைச் சரி பாருங்கள். இழுப்புக்கு இதுவே காரணமாக இருந்துவிடலாம்.

2. மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மேலே மட்கார்டு வளைவு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். தரையில் இருந்து அளக்க வேண்டாம், டயர் காற்று அளவைப் பொறுத்து அது மாறும். இடது வலது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால், ஸ்பேசர் சரியாக உட்காரவில்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசிய தடம் இருக்கிறதா பாருங்கள்.

4. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டும் விறைப்பாக இழுபடுகின்றனவா பாருங்கள். பட்டறையில் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. காயில் ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்கும் முயற்சியும் வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவித் தெறித்தால் உயிரே போகலாம்.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

பிரேக் ஹோஸ் இழுபட்டோ உரசியோ இருந்தால், பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால், ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், "இந்த ஒரு டிரிப் மட்டும்" என்று கிளம்ப வேண்டாம். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும், இறங்கும்போது பிரேக் ஓய்வே இல்லாமல் வேலை செய்யும். ஊருக்குள் தெரியாத கோளாறு அங்கேதான் வெளியே வரும். உயரம் கூடிய வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும் என்பதையும் மறக்கக் கூடாது.

லோடு ஏற்றும் வண்டி என்றால்?

வார நாளில் துணி ரோல் ஏற்றும் பிக்-அப்பில் லெவலிங் கிட் போட்டால் நிலைமை வேறு. லோடு ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். முன் சக்கரத்தில் பிடிப்பு குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல்லடம், காங்கேயம் பக்கம் இரவில் எதிரே டூவீலரில் ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவே வேண்டாம்.

கிட் போடும் முன் சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சத்தின் மேல் எல்லையைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். போட்ட பிறகு அதே இடத்தில் நிறுத்தி, வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு வரும் வரை இறக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அபராதத்தை விட பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், கிளெய்ம் சிக்கலாகலாம். சஸ்பென்ஷன் பாகங்களுக்கான வாரன்டியும் கைவிட்டுப் போகலாம். அதனால் கிட் வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகம், இன்சூரன்ஸ் நிறுவனம், ஷோரூம் மூன்றிடமும் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. புதிய தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. வால்பாறை, மூணாறு தார் ரோட்டுக்கு இதுவே தாராளம். கிட் போட்டே தீருவது என்றால், கழற்றிய பழைய போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். இரண்டு அலைன்மென்ட் பார்த்தும் கோளாறு தீரவில்லை என்றால், அதே போல்ட்டுகளோடு வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இழுப்பும் நின்றுவிட்டால், கோளாறு வண்டியிலா கிட்டிலா என்பது தெரிந்துவிடும்.