எச்சிலில் தெரியுமா வாய்ப்புற்று?



இடுப்பில் சுருக்குப்பை, வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. களை எடுக்கையிலும் பூ கட்டுகையிலும் நம்மில் பலருக்கு இதுதான் துணை. வாயில் புண் வந்தால், "பல்லு குத்தியிருக்கும், தானா ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆபத்தே!

ஊசி போடாமல், எச்சிலை வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். வாய்ப்புற்று உள்ளவர்களின் எச்சிலில் இன்டர்லூக்கின்-8 என்ற புரதம் கூடுதலாக இருக்கும். அதை ஒளியால் அளக்கும் கருவி ஒன்றை, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2008-ல் சோதித்தார்கள்.

வங்கியில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்டினால், நோட்டின் எண் பளிச்சென்று ஒளிருமே, அது மாதிரிதான் இதுவும். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருளைத் தட்டில் பூசி, எச்சிலை விடுவார்கள். பிறகு ஒளிரும் சாயத்தை அதில் ஒட்டவைத்து, ஒளியைப் பாய்ச்சுவார்கள். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு புரதம். நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் எச்சில் ஒளிர்வதை வைத்து வாய்ப்புற்றை அறியும் ஆய்வுகள் நடந்துள்ளன.

ஆனால் ஈறு வீங்கினாலும் இந்தப் புரதம் கூடும். அதனால் சந்தேகம் வந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். "எச்சில் டெஸ்ட், பணம் கட்டுங்க" என்று யாராவது ஊருக்குள் வந்தால், டாக்டரிடம் கேட்காமல் ஏமாந்துவிடாதீர்கள்.

அதுவரை நாம் சும்மா இருக்கணுமா? வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியான முடிவு சொன்னது.

மாதம் ஒருமுறை, வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்:

* இரண்டு வாரமாகியும் ஆறாத புண்
* வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
* கன்னத்திலோ நாக்கிலோ தடிப்பு, கட்டி
* வாய் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிச்சல்

ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயதைக் கடந்தவர்களுக்கு அங்கே வாய்ப்புற்றுப் பரிசோதனை உண்டு. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

"நான் புகையிலை போடல, வெறும் பாக்குதான்" என்கிறீர்களா? பாக்கும் புற்றுநோய் தரும். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு வைத்து முடிந்ததும், ஒருவர் வாயை ஒருவர் பார்ப்போம். இதில் வெட்கம் எதற்கு?